காப்பதும் கெடுப்பதும் ஒரே புரதம்: டி.ஜி.எஃப்-பீட்டாவும் வாய்ப் புற்றுநோயும்

திருப்பத்தூர் உள்ளிட்ட 4 மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனைத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கியது. “வலியே இல்லாதபோது மலையிலிருப்போருக்குப் பரிசோதனை எதற்கு?” என்று புதூர்நாட்டில் வாழும் நீங்கள் வினவலாம். விடையின் ஒரு பகுதி நம் உடலில் சுரக்கும் ஒரு புரதத்தில் உள்ளது.

இப்புரதம் என்ன செய்கிறது?

டி.ஜி.எஃப்-பீட்டா, செல் வளர்ச்சியை ஒழுங்குபடுத்துகிறது. நலமான செல் அளவுமீறிப் பெருகினால் ‘நில்’ என்று ஆணையிடுகிறது. பழுதுற்ற செல்லை மடியச் செய்கிறது. காயம் ஆறுவதற்கான நார்த்திசுவை உருவாக்கவும் துணைபுரிகிறது.

அதுவே ஏன் தீமையாகிறது?

புரதம் மாறுவதில்லை, அதன் ஆணையை ஏற்கும் செல்லே மாறுகிறது. மரபணுப் பிழைகள் பெருகியபின் புற்றுச்செல்கள் அந்த ஆணைக்குக் கட்டுப்படுவதில்லை. அப்போது இப்புரதம் அவை பிற உறுப்புகளுக்குப் பரவத் துணைபோகிறது. அவற்றை அழிக்கவரும் நோய் எதிர்ப்புச் செல்களையும் அடக்குகிறது.

பாக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் வாயின் உட்சவ்வில் இப்புரதத்தின் செயலைத் தூண்டுகிறது. நார்த்திசு மிகுந்து கன்னம் இறுகுகிறது. வாய் திறப்பது குறைகிறது. இந்நிலை புற்றுநோயாக மாறக்கூடும். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது.

மருந்தால் இப்புரதத்தைத் தடுக்கலாமா?

இது எளிதன்று. இப்புரதத்தைத் தடுக்கும் பின்ட்ராஃபஸ்ப் ஆல்ஃபா என்னும் மருந்தின் நுரையீரல் புற்றுநோய்ச் சோதனை, பயன் கிட்டும் வாய்ப்பு குறைவெனக் கண்டு 2021-இல் நிறுத்தப்பட்டது. இத்தகைய மருந்து பெற்றோர் சிலருக்குத் தோலில் புதிய கட்டிகளும் தோன்றின. தடுத்தது காவலையும் சேர்த்தே என்பதற்கு இது சான்று. ஆகவே, ‘புரதத்தைச் சரிசெய்யும்’ என விற்கப்படும் பொடிகளையோ மருந்துகளையோ நம்பி, மருத்துவர் அளிக்கும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

- பாக்கு, புகையிலை இரண்டையும் கைவிடுங்கள்.
- 2 வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பதில் சிரமம் ஆகியவை இருந்தால் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை உடனே அணுகுங்கள்.
- அறிகுறி இல்லாவிடினும் பரிசோதனைக்கு வாருங்கள். வீட்டிலுள்ள முதியோரையும் அழைத்து வாருங்கள்.
- ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழையுங்கள்.

இப்புரதம் காவலாக இருக்கும் காலத்திலேயே நோயைக் கண்டறிவது, சிகிச்சையை எளிதாக்கும்.