வயலுக்கு ஏற்ற சில்லு: உழவு யந்திரத்தை உயர்த்துதல் தகுமா?

காலபோக மழை தொடங்கி வயல்களில் நீர் தேங்கியதும், சேற்றிற் புதைந்து நிற்கும் உழவு யந்திரங்களைக் காண்பது புதுமையன்று. அச்சுவரை அமிழ்ந்த யந்திரத்தைச் சூழ நாலைந்து பேர் கூடுவர். ரயர் சிறிது என்பார் ஒருவர். யந்திரம் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, அதனை உயர்த்தவேண்டும் என்பார் மற்றொருவர். அடுத்த போகம் வருமுன் அந்த யந்திரம் வெல்டிங் கடைக்குச் செல்லும். உயரமான சில்லும் ஆழமான பல்லும் கொண்டு திரும்பி வரும். அந்தச் சில்லு எந்த வயலில் இறங்கப்போகின்றதோ, அந்த வயலுக்குரியவரிடம் மட்டும் எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இங்குதான் தவறு தொடங்குகின்றது. சிறு கமக்காரர் பலர் உழவு யந்திரத்தைக் கூலிக்கே அமர்த்துகின்றனர். யந்திரம் ஒருவருடையது, வயல் இன்னொருவருடையது. ஒரு நாளில் எத்தனை ஏக்கரை முடிக்கலாம் என்பது யந்திரக்காரரின் கணக்கு. அதில் தவறில்லை, எரிபொருளும் சாரதியின் கூலியும் அவர் பொறுப்பு. ஆயின் அச்சில்லு வயலின் அடியிற் செய்யும் கேட்டை அவர் சுமப்பதில்லை. பல போகங்களுக்கு அதனைச் சுமப்பவர் கமக்காரரே. ஆகவே சேற்றில் இறங்கும் சில்லைத் தீர்மானிக்கும் உரிமையில் முதற்பங்கு கமக்காரருக்கு இருத்தல் வேண்டும்.

சேற்றில் யந்திரத்தைத் தாங்குவது மேலேயுள்ள குழைசேறன்று. அதன் கீழே, ஏறத்தாழ 6 முதல் 10 அங்குல ஆழத்தில், இறுகிய படையொன்று உண்டு. பல்லாண்டுகளாக மாடுகள் மிதித்தும், சேற்றுழவு செய்தும், களி அடியிற் படிந்தும் உண்டானது அது. இதனைக் கடினப்படை என்பர். வயலில் நடக்கும்போது கால் புதைந்து ஓரிடத்தில் 'நின்றுவிடுகின்றது' அல்லவா? அந்த இடமே அது. நீர் கீழே ஒழுகிப் போகாது வயலில் நிற்பதும் இதனாலேயே. மேட்டுநிலத்தில் இத்தகைய படை வேருக்குத் தடையாகலாம். நெல்வயலிலோ அது முன்னோர் விட்டுச் சென்ற முதல். ஆழப் பல் கொண்ட சில்லு ஓரிடத்திலே நின்று சுழலும்போது இப்படை வெட்டுண்கின்றது. வெட்டுண்ட இடத்தில் நீர் தங்காது. அடுத்த போகம் அதே இடத்தில் யந்திரம் மேலும் ஆழப் புதையும். அப்பொழுது இன்னும் பெரிய சில்லு வேண்டும் என்பர்! பள்ளக்காணிகள் சில ஆண்டுக்காண்டு 'இளகி' வருவதாகக் கமக்காரர் கூறும் முறைப்பாட்டில் ஒரு பகுதிக்குக் காரணம் இதுவே.

எனவே, யந்திரத்தை அழைக்குமுன் ஒரு இரும்புக் கம்பியையோ உறுதியான தடியையோ எடுத்துக்கொண்டு வயலைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தல் நன்று. தடி எங்கும் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் நிற்குமாயின் சாதாரண ரயரே போதும். ஓரிரு இடங்களில் மட்டும் முழங்கால்வரை இறங்குமாயின் அவ்விடங்களிற் குச்சி நாட்டி அடையாளமிட்டு, அங்கே மண்வெட்டியால் வேலை செய்விப்பது ஒரு சில்லுச் சோடி வாங்குவதிலும் மலிவு. வயல் முழுவதுமே அவ்வாறு இறங்குமாயின் நாற்சில்லு யந்திரத்தை அங்கு இறக்காமல் விடுவதே அறிவுடைமை. பாரம் குறைந்த இருசில்லு யந்திரம், அதாவது நம்மவர் லாண்ட்மாஸ்டர் என வழங்குவது, அந்த நிலத்துக்குரியது.

இனி ரயரைப் பற்றி. உழவு யந்திர ரயரின் பக்கவாட்டில் ஆங்கில எழுத்தில் ஆர் 1, ஆர் 2 என்னும் குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஆர் 1 என்பது பொதுவான உழவுக்கு உரியது. ஆர் 2 என்பது நெல்வயலுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் என அமைந்தது. அதன் பல் ஆர் 1 ரயரின் பல்லைப்போல ஏறத்தாழ இருமடங்கு ஆழமானது. பெயரிலேயே நெல் இருப்பதால் எல்லா வயலுக்கும் அதுவே நன்று என எண்ணுவது பிழை. கடினப்படை கிட்டத்திலுள்ள வயலில் அந்த ஆழப் பல்லுக்கு வேலையில்லை. சுழலும்போது கீறுவதே அதன் வேலையாகும். தார்வீதியில் அதிகம் ஓடும் யந்திரத்துக்கோ அது விரைவிலே தேயும். முருங்கன், துணுக்காய்ப் பகுதிகளின் கருங்களி போன்ற ஒட்டும் மண்ணிற் பல்லின் ஆழத்திலும் பற்களுக்கிடையேயுள்ள இடைவெளியே முக்கியம். நெருங்கிய பல்லில் களி அப்பிக்கொண்டால் ரயர் உருளைக்கட்டையாகிவிடும். மட்டக்களப்பின் கரையோரத்தை அண்டிய மணற்பாங்கான வயலுக்கு அந்தக் கவலை குறைவு.

பல்லின் திசையும் கவனித்தற்குரியது. யந்திரத்தின் பின்னால் நின்று பார்க்கையிற் பற்கள் கூடும் கூர்முனை மேல்நோக்கி இருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் சேறு இருபுறமும் வெளியேறும். ரியூப் ஒட்டிய பின் சில்லை மாறிப் பூட்டிவிட்டு, 'இந்த ரயர் பிடியில்லை' என்று ரயரைக் குறைகூறுவோரும் உளர்.

காற்றமுக்கத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ரயர் நிலத்தை அழுத்தும் அமுக்கம் அதனுள் இருக்கும் காற்றின் அமுக்கத்தை ஏறத்தாழ ஒத்தது. வீதியிற் பெட்டியோடு ஓடுவதற்காக இறுக்கமாகக் காற்றடித்த ரயரை அப்படியே வயலில் இறக்கினால் அது கத்திபோல இறங்கும். யந்திரக் கைந்நூலில் வயலுக்கெனக் கூறிய அளவுக்குக் காற்றைக் குறைத்தால், ஒரு சதமும் செலவின்றி ரயர் அகன்று நிலத்திற் பரவும். அந்த அளவுக்குக் கீழே குறைத்தல் ஆகாது; றிம் சுழல ரயர் நின்று, ரியூப்பின் வால்வு அறுந்துவிடும். மேட்டுநில உழவுக்காக ரயரினுள் நீர் நிரப்பியிருந்தால் சேற்றுழவுக்கு முன் அதனை வெளியேற்றிவிடுதல் வேண்டும். சேற்றிற் பாரம் பகையாகும்.

லாண்ட்மாஸ்டருக்குச் சேற்றில் இரும்புச் சில்லுக்கு நிகரானது வேறில்லை. வளையங்களில் இரும்புத் தகடுகளைப் பொருத்திய அகன்ற கூண்டு அது, சேற்றைத் தள்ளி முன்னேறும், பாரத்தையும் பரப்பும். நாற்சில்லு யந்திரத்திலும் றப்பர் ரயருக்கு வெளிப்புறமாக இதனைப் பூட்டலாம். ஆனால் அளவுக்கு மிஞ்சி அகன்றால் அச்சுக்கும் அதன் குண்டுப்போதிகைக்கும் கேடு. தகடுகள் கூராக நீண்டிருந்தால் ஆழப் பல்லின் தீங்கு இதற்கும் உண்டு. வரம்பைக் கடக்கும்போது வைக்கோற் கட்டோ பலகையோ இடாவிட்டால், நாளெல்லாம் சேர்த்த நீரை ஒரு கடவையிலேயே இழக்க நேரும். இரும்புச் சில்லோடு தார்வீதியில் ஓடுவதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, வீதி ஊராருடையது.

உயர்த்துதலுக்கு வருவோம். சேற்று விளையாட்டுக்கென ஆளுயரத்துக்கு உயர்த்திய சிறு நாற்சில்லு வண்டிகளின் படங்கள் அமெரிக்காவிலிருந்து இப்பொழுது கைத்தொலைபேசிகளில் வந்து சேர்கின்றன. இளைஞர் அவற்றைப் பார்த்து மயங்குவது இயல்பே. அவ்வண்டி புதைந்தால் ஒரு மாலைப்பொழுது வீண். அதற்கு இழுக்கவேண்டிய கலப்பையும் இல்லை, காக்கவேண்டிய கடினப்படையும் இல்லை. உழவு யந்திரத்தின் கதை வேறு. 24 அங்குல விட்டமுள்ள சில்லை நீக்கி 28 அங்குலச் சில்லைப் பூட்டினால் அச்சு உயர்வது 2 அங்குலமே. அதற்காக இழுவை ஏழில் ஒரு பங்கு குறையும். வேகமோ ஆறில் ஒரு பங்கு கூடும். சேற்றில் வேண்டியது இழுவையேயன்றி வேகமன்று. நான்கு சில்லும் இழுக்கும் யந்திரத்திற் பின்சில்லை மட்டும் மாற்றினால், முன்சில்லும் பின்சில்லும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பற்சக்கரங்கள் கெடும்.

கவிழ்தலே எல்லாவற்றிலும் பெரிய கேடு. இரு சில்லுக்கிடை 60 அங்குலமும், பாரத்தின் மையம் நிலத்திலிருந்து 30 அங்குல உயரமும் ஆனால் யந்திரம் 45 பாகை சரியும்வரை தாங்கும். இது நின்ற நிலையில் உள்ள கணக்கு. மையத்தை 4 அங்குலம் உயர்த்தினால் அது 41 பாகையாகும். வாய்க்காலில் ஒரு சில்லு ஓரடி இறங்கினாலே 11 பாகைக்கு மேல் சரிந்துவிடும். ஓட்டமும் திருப்பமும் சேர்ந்தால் மிச்சமுள்ள பாகைகள் விரைவிற் கரையும். தென்னங்கிளை இடிக்கின்றதென்று சாரதியின் தலைக்கு மேலுள்ள காப்புச் சட்டத்தைக் கழற்றி வீட்டுக் கோடியிற் சாத்தி வைத்திருப்போர், அதனை இன்றே மீளப் பூட்டுதல் வேண்டும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. புதைந்த யந்திரத்தின் பின்சில்லுகளுக்குக் குறுக்கே மரக்கட்டையைச் சங்கிலியாற் பிணைத்து, முன்னோக்கி ஓட்டி ஏற முயல்வது. சில்லு சுழலமுடியாது நின்றதும், எஞ்சினின் வலு அச்சைச் சுற்றி யந்திரத்தின் முன்பாகத்தையே மேலே தூக்கும். திரும்ப இயலாத நிலையை அது அடைவதற்கு ஒரு வினாடியும் வேண்டா. சாரதி கால் எடுக்குமுன் யந்திரம் அவர்மேல் மல்லாந்து விழும். கட்டையைப் பிணைக்கச் சொல்பவர் எத்தனை அனுபவசாலியாயினும் அவர் சொல்லைக் கேட்டல் ஆகாது. கலப்பையைக் கழற்றி, சில்லின் பின்னாலுள்ள சேற்றை வெட்டி நீக்கி, வைக்கோலோ பலகையோ இட்டு, வந்த வழியே பின்னோக்கி எடுக்க வேண்டும். இன்னொரு யந்திரத்தால் இழுப்பதாயின் இழுக்கும் யந்திரத்திற் சங்கிலியைத் தாழ்ந்த இழுவைச்சட்டத்திலேயே மாட்ட வேண்டும். அச்சிலோ அதற்கு மேலோ மாட்டினால் அதே ஆபத்து இழுப்பவருக்கு.

உயரம் உண்மையில் உதவும் இடமும் இல்லாமலில்லை. சிறுபோகத்தில் வயலில் மிளகாய், கத்தரி முதலிய பயிர் செய்வோர், வளர்ந்த பயிருக்கு மேலாக யந்திரத்தைச் செலுத்திக் களைகட்ட விரும்பினால் உயரமும் ஒடுங்கிய சில்லும் தேவை. அங்கு நிலம் காய்ந்தது, வேகம் குறைவு, சில்லு வாய்க்காலின் நடுவே ஓடும், ஆகவே நியாயமுண்டு. எனினும் அதே சில்லைக் காலபோகச் சேற்றுக்கும் வைத்துக்கொள்வது பொருந்தாது. ஒடுங்கிய சில்லு வெட்டிய தடத்தில் அடுத்த சிறுபோகத்துப் பயிரின் வேர் இறங்காமல் வளைந்து நிற்பதைப் பிடுங்கிப் பார்த்தே அறியலாம்.

அறுவடை யந்திரம் வருமுன் 7 முதல் 10 நாள்வரை வயலின் நீரை வடியவிட்டால் பெரும்பாலான புதைவுகள் நிகழா. வடியாத பள்ளக்காணிக்குச் சில்லு யந்திரத்தை மறுத்து, றப்பர்ச் சங்கிலிப் பட்டியில் ஓடும் யந்திரத்தைக் கேட்டல் வேண்டும். கூலி சற்றுக் கூடினாலும், பேச்சை வரம்பிலே நின்று தடியை ஊன்றிக் காட்டிய பின் தொடங்கினால் யந்திரக்காரரும் இணங்குவர். புதைந்த யந்திரத்தை எடுக்கும் செலவு அவருடையதல்லவா?