விருந்தும் விடுமுறையும்

சீன தேசத்தில் வருஷத்தின் கடைசி இராத்திரி விருந்துக்கென்றே ஏற்பட்டது. சந்திர கதியை அநுசரித்த பழைய பஞ்சாங்கப்படி அங்கே ஜனவரி 21-ஆம் தேதிக்கும் பிப்ரவரி 20-ஆம் தேதிக்கும் இடையில் புது வருஷம் பிறக்கிறது. அதற்கு முந்தின மாலை, எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் குடும்பத்தார் யாவரும் பெற்றோர் வீட்டில் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து உண்ணவேண்டும் என்பது பன்னெடுங்கால வழக்கம். 'ஒன்றுகூடும் உணவு' என்பதே அதன் பெயர். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இப்பண்டிகையை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது. கௌரவம் தக்கதே. ஆனால் அவ்விருந்தை உண்ண வரவேண்டியவன் வருவதற்கு வழி இருக்கிறதா என்று நாம் கேட்கிறோம்.

விருந்தின் சிறப்பைச் சிறிது கூறுவோம். வடபாகத்தில் கோதுமை மாவுக்குள் இறைச்சியும் கீரையும் பொதிந்து வேகவைக்கும் கொழுக்கட்டை பிரதானம். வீட்டார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, பேசிக்கொண்டே அதை மடிப்பார்கள். தென்பாகத்தில் பசையரிசி மாவினால் செய்த பணியாரம். மீன் எங்கும் உண்டு. 'மீன்' என்னும் சொல்லும் 'மிச்சம்' என்னும் சொல்லும் அவர்கள் பாஷையில் ஒரே ஓசையுடையன. ஆதலால், வருகிற வருஷத்திலும் வீட்டில் மிச்சம் இருக்கட்டும் என்று அம்மீனை முழுவதும் உண்ணாமல் சிறிது வைத்துவிடுவது வழக்கம். முன்னோருக்குப் படையல், குழந்தைகளுக்குச் சிவப்பு உறையில் பணம், யாவும் முறைப்படி நடக்கும். வர இயலாமற் போனவனுக்கும் ஒரு கிண்ணமும் இரண்டு குச்சிகளும் எடுத்து வைக்கும் வீடுகள் உண்டு.

இவ்வழக்கத்தை ஒழிக்க ஆண்டவர்கள் முயலாமலில்லை. 1912-இல் குடியரசு பிறந்தவுடன் மேனாட்டுப் பஞ்சாங்கம் சர்க்கார் பஞ்சாங்கமாயிற்று. 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் நான்கிங் சர்க்கார் பழைய புது வருஷத்தைக் கொண்டாடலாகாது என்று தடுத்துப் பார்த்தது. 1967-இல், கலாசாரப் புரட்சியின் வேகத்தில், பண்டிகை விடுமுறையே ரத்து செய்யப்பட்டது. உத்தரவுகள் வந்தன, போயின. ஜனங்கள் தம் வீட்டு மேஜையை விடவில்லை. எந்த உத்தரவாலும் கலைக்க முடியாத அந்த மேஜையைப் பிற்காலத்தில் தொழிற்சாலை கலைத்தது.

அது நிகழ்ந்த விதத்தைக் கவனிக்கவேண்டும். 1958-இல் இயற்றப்பட்ட குடிப்பதிவுச் சட்டம் ஒவ்வொரு பிரஜையையும் அவன் பதிவூரோடு பிணைத்தது. 1978-க்குப் பின் தொழில் பெருகவே, கிராமாந்தர ஜனங்கள் கோடிக்கணக்கில் கடற்கரைப் பட்டணங்களுக்குச் சென்றார்கள். அவர்களுடைய உழைப்பைப் பட்டணம் ஏற்றுக்கொண்டது. அவர்களுடைய குடித்தனத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. பதிவு கிராமத்திலேயே இருந்தமையால் குழந்தையின் பள்ளிப் படிப்பும் வைத்திய உதவியும் பட்டணத்தில் எட்டாக் கனியாயின. சிறு நகரங்களிலும் நடுத்தர நகரங்களிலும் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்திருப்பது மெய்யே. எனினும் பெய்ஜிங், ஷாங்காய் போன்ற மாநகரங்களில் அது இன்றும் வலுவாகவே இருக்கிறது. 2024-ஆம் வருஷத்துச் சர்க்கார் கணக்குப்படி, கிராமத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 30 கோடி. அவர்களில் சொந்த வட்டாரத்தை விட்டு வெளியேறி உழைப்பவர்கள் சுமார் 17 கோடியே 80 லட்சம். தாயோ தந்தையோ வெளியூர் சென்றுவிட, கிராமத்தில் தங்கிவிட்ட குழந்தைகள் 6 கோடிக்கு மேல் என்று அகில சீன மாதர் சம்மேளனம் 2013-இல் கூறிற்று. இக்குழந்தைகளை வளர்ப்பவள் பெரும்பாலும் பாட்டி. வருஷக் கடைசியில் அடுப்படியில் நின்று விருந்து சமைப்பவளும் அவளே.

ஆகவே ஒரு வருஷத்துக் குடும்ப வாழ்க்கை முழுவதையும் ஓர் இரவுக்குள் அடைக்கவேண்டியிருக்கிறது. பண்டிகையை ஒட்டிய 40 நாள் பிரயாணக் காலத்தில், 2019-இல் ரயிலில் மட்டும் 40 கோடிக்கு மேற்பட்ட பிரயாணங்கள் நடந்தன. 2008-இல் பெரும்பனி பெய்து ரயில்கள் நின்றபோது, குவாங்சௌ நிலையத்தில் லட்சக்கணக்கானோர் குளிரில் நாட்கணக்காகக் காத்து நின்றனர். பிரதம மந்திரி வென் ஜியாபாவ் நேரில் வந்து ஒலிபெருக்கியைக் கையிற் பிடித்து ஆறுதல் கூறவேண்டியதாயிற்று. வருஷம் முழுவதும் உழைத்த கூலியைக் கடைசியில் கொடாமல் ஏய்க்கும் ஒப்பந்தக்காரர்களும் அங்கே இருந்து வந்திருக்கிறார்கள். அவர்களை அடக்கத் தனி விதிகள் 2020 மே மாதத்தில் அமலுக்கு வந்தன. கூலி வராதவன் எந்த முகத்தோடு ஊர் போவான்? அவன் வீட்டில் மீன் ஏது, மிச்சம் ஏது?

சர்க்கார் இவ்விருந்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. விருந்து நடக்கும் அந்தக் கடைசி நாள் சட்டப்படி விடுமுறையா, அல்லவா என்பதே அது. 2008 முதல் அது விடுமுறை நாளாக இருந்தது. 2014-இல் அந்தச் சலுகை எடுக்கப்பட்டது. மாலையில் விருந்தாயிருக்க, பகலில் வேலை! ஆயிரம் மைலுக்கு அப்பால் வீடிருப்பவனுக்கு இது விருந்தில்லை என்று சொல்வதற்குச் சமானம். ஜனங்கள் முறையிட்டார்கள். பதினொரு வருஷம் கழிந்து, 2025 முதல் அந்நாள் மறுபடியும் சட்டபூர்வமான விடுமுறையாயிற்று. இதை நாம் பாராட்டுகிறோம். ஒரு நாளைத் திரும்பப் பெறுவதற்குப் பதினொரு வருஷம் ஆயிற்று என்பதையும் நினைவில் வைக்கிறோம்.

2013 ஜூலையில் அமலுக்கு வந்த முதியோர் சட்டத்தையும் இங்கே கூறவேண்டும். பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் அடிக்கடி அவர்களை வந்து பார்க்கவோ நலம் விசாரிக்கவோ வேண்டும் என்று அது விதிக்கிறது. பிள்ளைக்குக் கடமையைப் போதித்த அச்சட்டம், முதலாளிகள் ஏற்கெனவே உள்ள விதிகளின்படி லீவு தரவேண்டும் என்றும் சொல்லுகிறது. அந்த விதிகளோ 1981-இல் ஏற்பட்டவை. சர்க்கார் காரியாலயங்களிலும் சர்க்காருக்குச் சொந்தமான தொழில்களிலும் உள்ளவர்களைக் கருதியவை. தனியார் ஆலையில் தையல் யந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அவற்றால் என்ன பயன்? கடமை எல்லோருக்கும், லீவு சிலருக்கு என்றால் அது நீதியாகுமா?

இந்தப் பட்டண வேலைதானே கிராமத்துப் பசியைத் தீர்த்தது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை, நாம் மறுக்கவில்லை. அந்த மேஜையில் இன்று இறைச்சி இருப்பது அந்தக் கூலியினால்தான். பல கிராமங்களில் புது வீடு எழுந்திருப்பதும் அதனால்தான். ஆனால் வீட்டைக் கட்டியவன் அதில் வருஷத்துக்கு ஏழெட்டு நாள் விருந்தாளியாகத் தங்கிப் போவது எந்த விதச் சுபிட்சம்? வேறு சிலர், இப்போது ஹோட்டல்களே இவ்விருந்தைச் சமைத்துத் தருகின்றனவே, காலம் மாறிவிட்டது என்பர். மாறட்டும். யார் சமைத்தாலும் ஆக்ஷேபமில்லை; பாட்டிக்குச் சிரமம் குறைந்தால் நல்லதே. நாற்காலி காலியாக இருப்பதற்கு எந்த ஹோட்டலும் பரிகாரம் செய்ய முடியாது.

பணமில்லை என்ற சமாதானமும் நிற்காது. 2021-இல் தொற்று நோய் காரணமாக, வேலை செய்யும் ஊரிலேயே பண்டிகையைக் கழிக்கும்படி சர்க்கார் கேட்டுக்கொண்டது. அவ்வாறு தங்கியவர்களுக்குப் பல நகராட்சிகள் ரொக்கமாகவே வெகுமதி கொடுத்தன. ஊருக்குப் போகாமலிருக்கப் பணம் கொடுக்க முடிந்தவர்களால், குடும்பத்தைப் பட்டணத்துக்கு வரவழைத்துக்கொள்ள வழி செய்ய முடியாதா?

ஒரு தேசத்தின் பண்டிகையைப் புகழ்வது சுலபம். அதற்கு ஒரு பிரசங்கம் போதும். பண்டிகையை ஏழையின் வீட்டிலும் நடக்கச் செய்வதற்கோ விடுமுறை வேண்டும், தீர்த்துக் கொடுத்த கூலி வேண்டும், ரயிலில் இடம் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, உழைக்கும் ஊரிலேயே மனைவி மக்களோடு குடியிருக்கும் உரிமை வேண்டும். எந்த சர்க்கார் தன் தேசத்துக் குடும்பப் பெருமையைப் பேசினாலும், பொது வாழ்வில் ஈடுபட்டோர் இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு கணக்குக் கேட்கவேண்டும். வராதவனுக்காக எடுத்து வைத்த கிண்ணம் தாயின் அன்புக்கு அடையாளம். கோடிக்கணக்கான வீடுகளில் அது காலியாகவே இருக்குமாயின், அரசின் குறைக்கு அதுவே சாட்சி.