சுட்டது எவ்வளவு தூரத்தில்? உடலும் சட்டையும் சொல்லும் சாட்சி

2025 நவம்பர் 24 அன்று மலாக்கா, டுரியான் துங்கலில் மூன்று ஆடவர்களைப் போலீஸார் சுட்டுக் கொன்றனர். பாராங் கத்தியால் தாக்கியதால்தான் சுட்டோம் என்றது போலீஸ். குடும்பத்தினர் அதை மறுத்தனர். அடுத்த மாதமே விசாரணை 302ஆவது பிரிவுக்கு, அதாவது கொலை வழக்காக, மாற்றப்பட்டது.

சரி, யார் சொல்வது உண்மைன்னு எப்படிக் கண்டுபிடிப்பது? தடயவியலால் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியும்.

தூரம்: துப்பாக்கி முனை தோலில் பட்டபடி சுட்டால், அதன் அச்சும் கரியும் காயத்தில் பதியும். சற்றுத் தள்ளிச் சுட்டால், மருந்துத் துகள்கள் தோலில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். கைத்துப்பாக்கியில் ஏறக்குறைய ஒரு மீட்டரைத் தாண்டினால் அதுவும் இருக்காது, துளை மட்டும்தான். துகள்கள் சட்டையில் தங்கிவிடலாம். அதனால்தான் துணியைத் துவைக்கவோ வீசவோ கூடாது. பிறகு அதே துப்பாக்கியால் துணியில் சுட்டுப் பார்த்து ஒப்பிடுவார்கள்.

திசை: தோட்டா நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் இணைத்தால் அதன் பாதை தெரியும். சுட்டவரைப் பார்த்து நின்றாரா, திரும்பியிருந்தாரா, குனிந்திருந்தாரா என்பதை அது ஓரளவு காட்டும். ஆனால் ஏன் சுட்டார்கள் என்பதைக் காயம் சொல்லாது. அதற்குச் சாட்சிகளும் நீதிமன்றமும் வேண்டும்.

மருத்துவர் ஒருமுறை பார்த்தால் போதாதா? குகன் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் அவர் இறந்தார். முதல் சவப்பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது. குடும்பம் விடவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனை வேறு கதையைச் சொன்னது: அடியில் தசைகள் சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. 2012இல் ஒரு போலீஸ்காரருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2013இல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கியது.

இதில் நமக்கு என்ன பாடம்? துக்க வீட்டில் "சீக்கிரம் காரியத்தை முடிச்சிடுங்க" என்று சொல்வது வழக்கம். மரணத்தில் சந்தேகம் இருந்தால், தகனத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் பேசுங்கள். இரண்டாவது பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். எரித்த உடலை மறுபடி பரிசோதிக்க முடியாது.