வேடமும் வினையும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனை வழங்கிய முன்னோர் மாந்தரின் அன்றாட உடையையே கருதியிருத்தல் கூடும். ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றி இன்று உலகெங்கும் பரவி நிற்கும் ஒரு வழக்கத்தை உற்று நோக்குவார்க்கு இப்பழமொழி புதியதொரு பொருளைத் தருகின்றது. சித்திரக்கதைகளில் வரும் அதிமானிட வீரர்களின் உடையைத் தாமும் தைத்தணிந்து, ஓரிடத்திற் கூடி உலாவி மகிழும் அபிமானிகளின் வழக்கத்தையே யாம் குறிக்கின்றோம். சிறுவர் மட்டும் செய்வாராயின் விளையாட்டு என விட்டுவிடலாம். கற்றவரும், இல்லறத்தாரும், நரை கண்டவரும் இதனைச் செய்கின்றனர். இதன் வேரோ 80 ஆண்டுகட்கு முற்பட்டது. இதனைக் கண்டு நகைப்பவர் பலர். நாகரிகம் தாழ்ந்ததெனக் கவலுறுவோர் சிலர். இவ்விரு சாராரோடும் யாம் முற்றும் உடன்படுமாறில்லை. நெடுங்காலம் நிலைத்த ஒரு விருப்பத்தின் அடியில் ஏதேனும் ஓர் உண்மை இருத்தல் வேண்டும் என்பது எம் கொள்கை. அவ்வுண்மை யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் இவ்வுடையின் வரலாற்றைச் சிறிது கூறுவாம். 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத் தேதியிட்டு வெளிவந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' என்னும் சஞ்சிகையின் முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றினான். அவனைப் படைத்தவர்கள் கிளீவ்லந்து நகரத்து இளைஞராகிய ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இருவர். இருவரும் அந்நாட்டிற் குடியேறிய யூதக் குடும்பங்களின் மைந்தர், செல்வமில்லாதவர். தம் வீரனின் உரிமையை அவர்கள் 130 டாலருக்கு விற்றுவிட்டனர். அவர்கள் அவனுக்கு அணிவித்த உடையை இன்று அறியாதார் இலர். உடலோடு இறுகிய நீல உடை, அதன்மேற் சிவந்த அரைச்சல்லடம், தோளினின்று தொங்கும் சிவந்த போர்வை, மார்பில் ஓர் எழுத்து. கால்சட்டைக்கு மேலே உள்ளாடை அணிந்தவன் என்று இவனை எள்ளி நகையாடுவார் உளர். அக்காலத்துச் சர்க்கஸ் கூடாரங்களில் பளுத் தூக்கிய பலசாலிகளும், கயிற்றில் ஊசலாடிய வித்தைக்காரரும் அணிந்த தொழிலுடை அதுவே என்பதை அவர் அறியார். போலும், அதனைக் கண்டு வளர்ந்த சிறுவர்க்கு ஆற்றலின் அடையாளமே அவ்வுடை. காற்றில் அலையும் போர்வையோ, அசையாத சித்திரத்திற்கு அசைவினை ஈந்தது. மலிந்த தாளில் ஒருசில வண்ணங்களால் அச்சிடப்பட்ட கதையாதலின், பார்த்த அளவிலே இன்னான் என அறியத்தக்க அழுத்தமான நிறங்கள் இன்றியமையாதனவாயின. இவ்வாறு, அழகு கருதி மட்டுமன்றித் தேவை கருதியும் அமைந்த உடை அது. அவனைத் தொடர்ந்து 1939இல் பேட்மேனும், 1941இல் வொண்டர் வுமனும், 1962இல் ஸ்பைடர்மேனும் தத்தமக்குரிய உடையோடு தோன்றினர்.

அபிமானிகள் வேடம் புனையத் தொடங்கியதும் ஏறத்தாழ அக்காலத்திலேயாம். 1939ஆம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க் நகரில் முதல் உலக விஞ்ஞானக் கதை மாநாடு கூடிற்று. வந்தவர் யாவரும் வழக்கமான உடையில் இருப்ப, பாரஸ்ட் அக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்னும் இருவர் மட்டும் வருங்கால மாந்தரின் உடை பூண்டு வந்தனர். அவ்வுடைகளைத் தைத்தவர் டக்ளஸ் அம்மையாரே. மறுவருடம் சிகாகோ நகரிற் கூடிய மாநாட்டில் வேடப்போட்டியே நிகழ்ந்தது. இச்சிறு விதை பின்னர்ப் பெருமரமாயிற்று. 1970இல் சான் டியகோ நகரிற் கூடிய சித்திரக்கதை மாநாட்டிற்கு வந்தோர் ஏறக்குறைய 300 பேர். அண்மை ஆண்டுகளிலோ 1,30,000 பேருக்கு மேல் வருகின்றனர். வேடம் புனையும் கலைக்கு 'கோஸ்ப்ளே' என்னும் பெயரை 1980களில் ஜப்பானியர் வழங்கினர். 2011இல் டில்லியிலும், 2024இல் நம் சென்னையிலும் இத்தகைய மாநாடுகள் தோன்றியமையின், இஃது அயலார் விந்தை மட்டுமே எனக் கருதிவிடுதற்கில்லை.

நிற்க. இவ்வுடைமேல் அபிமானிகள் கொண்ட பற்று எத்துணை உறுதியானது என்பதற்கு ஒரு சான்று காட்டுவாம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'எக்ஸ்-மென்' திரைப்படத்தை எடுத்தோர், சித்திரக்கதையிலுள்ள பளிச்சென்ற உடைகளைக் காட்ட நாணினர் போலும். வீரர் யாவர்க்கும் கருந்தோலாடை அணிவித்ததோடு, பழைய மஞ்சள் உடையைக் கேலி செய்யும் உரையாடல் ஒன்றையும் படத்தில் அமைத்தனர். 24 ஆண்டுகள் கழிந்தன. 2024இல் அதே வால்வரின் வேடத்தில் அதே நடிகராகிய ஹியூ ஜாக்மன், அதே மஞ்சள் உடையணிந்து திரையில் தோன்றினார், அபிமானிகள் ஆரவாரித்தனர். சூப்பர்மேனின் சிவந்த அரைச்சல்லடத்திற்கும் இக்கதியே நேர்ந்தது. 2011இல் பதிப்பாளர் அதனை நீக்கினர். 2018இல் வெளிவந்த 1000ஆவது இதழில் அது மீண்டது. 2013ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அதனைக் காணோம். 2025ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அது திரும்பிவிட்டது. நாணம் வணிகரிடத்தே இருந்ததன்றி, அபிமானிகளிடத்தே இருந்ததில்லை என்பது இவற்றால் விளங்கும்.

இனி, இவ்விருப்பம் நிலைத்தமைக்குக் காரணங்கள் யாவை? எமக்குத் தோன்றுவன மூன்று.

முதலாவது, இவ்வுடை எவரையும் விலக்குவதில்லை. மன்னரின் உடையை மன்னரே அணியலாம். படைத்தலைவனின் உடையைப் பிறர் அணிதல் குற்றம். அதிமானிட வீரனின் உடைக்கோ அத்தகைய காவல் இல்லை. ஸ்பைடர்மேனின் உடையை நோக்குக. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த அவ்வீரனின் முகம் முதல் விரல்நுனி ஈறாக யாதொன்றும் வெளியே தோன்றாது. உள்ளே இருப்பவன் எந்நாட்டவன், எந்நிறத்தவன் என எவரும் கூறவியலாது. ஆதலின், ஏழைச் சிறுவனும் கரிய நிறத்தவனும் அவ்வுடைக்குள் தன்னையே காண்கின்றான். 2018இல் வெளிவந்த 'பிளாக் பேந்தர்' திரைப்படத்திற்கு உடையமைத்த ரூத் கார்ட்டர் அம்மையார், மறுவருடம் ஆஸ்கர் பரிசு பெற்றார். உடையமைப்புக்காக அப்பரிசைப் பெற்ற முதற் கருநிறத்தவர் அவரே. ஆப்பிரிக்க மக்கள் பலரின் நெசவும் அணிகலனும் அப்படத்து உடைகளில் இடம்பெற்றன. தம் மரபின் அழகு வீரனின் உடையாகத் திகழ்வதைக் கண்ட மக்கள் அவ்வுடையை விரும்பி அணிந்ததில் வியப்பென்னை?

இரண்டாவது, இதன்கண் கைத்தொழிலின் இன்பம் உண்டு. கடையில் வாங்கிய உடையை உடுப்போர் பலராயினும், அபிமானிகளுக்குள்ளே மதிப்புப் பெறுவது தம் கையாற் செய்த உடையே. 1958இல் டுபான்ட் நிறுவனத்து வேதியியலார் ஜோசப் ஷிவர்ஸ் கண்ட இழுபடும் நூலிழை, சித்திரத்தில் மட்டுமே இயன்ற இறுகிய உடையை மெய்யாகவே தைப்பதற்கு ஏற்றதாயிற்று. மெத்தென்ற நுரைத்தகட்டை வெட்டிச் சூடுகாட்டி வளைத்து, வண்ணம் பூசி, இரும்புக் கவசம் போலத் தோன்றச் செய்கின்றனர். தையலறியாதவன் தையல் கற்கின்றான். வண்ணமறியாதவன் வண்ணக் கலவை பயில்கின்றான். ஒரு நாள் அணிதற்குப் பல திங்கள் உழைக்கின்றான். தான் அறிந்ததைப் பிறர்க்குக் கற்பிக்கின்றான். சக்கர நாற்காலியில் அமர்ந்தவர்கள் அந்நாற்காலியையே வீரனின் ஊர்தியாக மாற்றி வருதலும் உண்டு. இவ்வுழைப்பைச் சோம்பலின் விளைவு என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

மூன்றாவதே தலையாயது. உடை, அணிந்தவனின் உள்ளத்தையும் மாற்றுகின்றது. 2017இல் உளநூலார் சிலர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 4 வயதும் 6 வயதும் நிரம்பிய 180 சிறுவர்க்குச் சலிப்பூட்டும் ஒரு வேலையை 10 நிமிஷம் செய்யுமாறு கொடுத்து, விரும்பியபோது அதனை விட்டு விளையாடலாம் என்றும் கூறினர். சிலர் தம்மைத் தாமே, "நான் நன்றாக உழைக்கின்றேனா?" என்று கேட்குமாறு பணிக்கப்பட்டனர். சிலர் தம் பெயரைச் சொல்லி அவ்வாறு கேட்டனர். வேறு சிலர் பேட்மேன் முதலிய வீரர்க்குரிய பொருளை அணிந்து, அவ்வீரரின் பெயரால் கேட்டுக்கொண்டனர். மிகுதியான நேரம் உழைத்தவர் யாவர்? வீரராகத் தம்மைப் பாவித்த சிறுவரே. "பேட்மேன் இதனைக் கைவிடுவானா?" என்ற நினைவே அச்சிறு கைகளை வேலையில் நிறுத்தியது எனலாம்.

இவ்வாற்றல் பிறர்க்குப் பயன்படும்போது வேடம் உயர்ந்த நிலையை அடைகின்றது. குழந்தைகள் மருத்துவமனைகள் சிலவற்றில், உயர்ந்த மாடிகளின் சாளரக் கண்ணாடியைத் துடைக்கும் தொழிலாளர் ஸ்பைடர்மேன் முதலிய வீரரின் உடையணிந்து கயிற்றில் இறங்கிவருவர். நோயுற்ற குழந்தைகள் படுக்கையிலிருந்தவாறே அவரைக் கண்டு களிப்பர். 2013ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிய 5 வயதுச் சிறுவன் ஒருவன், தான் பேட்மேனாக வேண்டும் என்று விரும்பியமையின், சான் பிரான்சிஸ்கோ நகரமே ஒருநாள் அவனுக்காகக் கதை நகரமாக மாறிற்று. ஆயிரக்கணக்கானோர் வீதியில் நின்று வாழ்த்தினர். சிறுவன் ஒருவனின் கறுத்த போர்வை ஒரு நகரத்தாரின் நெஞ்சை இளகச் செய்ததெனின், அதனை வெறுந்துணி என்று எங்ஙனம் தள்ளுவது?

எனினும், மறுப்பாரின் கூற்றிலும் உண்மையுண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. இவ்விருப்பத்தைக் கொண்டு பொருள் குவிக்கும் வணிகர் பலர். ஒரு பருவத்திற்கு ஓருடை என வாங்கி எறிவோரும் உளர். வேடம் புனைந்த மகளிரிடத்து வரம்பு கடந்து நடந்த கயவரால், வேடம் அணிதல் இணக்கம் ஆகாது என்னும் எச்சரிக்கைப் பலகைகளை 2014இல் நியூயார்க் மாநாட்டார் நாட்டவேண்டியதாயிற்று. வீரனின் உடையைக் கண்டு களிக்க வந்த இடத்தில், வீரனின் ஒழுக்கத்தை மறந்தோர் இருந்தனர் என்பதன்றோ இதன் பொருள்? மேலும், 2007இல் ஆங்கில மருத்துவ சஞ்சிகை ஒன்று, வீரனின் உடையணிந்தபோது காயமுற்ற சிறுவர் ஐவரைப் பற்றி எடுத்துரைத்தது. சலிப்பூட்டும் வேலையில் ஒரு சிறுவனை நிறுத்திய அதே துணிவு, மற்றொரு சிறுவனை உயரத்தினின்று குதிக்கவும் செய்யும். உடை துணிவைத் தரும். அத்துணிவைச் செலுத்தவேண்டிய நெறியைத் தாராது. அதனை அணிந்தவனே தேடிக்கொள்ளல் வேண்டும்.

ஆகவே, எம் தீர்ப்பு இதுவாகும். வேடத்தை விரும்புதல் பேதைமையன்று. வேடத்தோடு நின்றுவிடுதலே பேதைமை. போர்வையைக் கழற்றி மடித்து வைத்த பின்னரும் எளியார்க்கு உதவும் எண்ணம் எஞ்சி நிற்குமாயின், அவ்வேடம் தன் பயனை நல்கிவிட்டது.

இதனைப் படிக்கும் மாணவ நண்பர் சிலர், "இவ்வேடக்காரரைப் பற்றி நமக்கென்ன?" என வினவலாம். பட்டமளிப்பு நாளை அவர்கள் நினைவிற் கொள்வாராக. அன்று நாமும் ஒரு கருமேலங்கியை வாடகைக்கு வாங்கி அணிகின்றோம், நிழற்படம் எடுத்துக்கொள்கின்றோம், மாலையில் அதனைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றோம். அவ்வங்கி நம் அறிவை அணுவளவும் பெருக்குவதில்லை. ஆயினும், அதனை அணிந்து நின்ற அந்நாழிகையில், கற்றவர் என்னும் பெயருக்குத் தக நிற்கவேண்டும் என நம் முதுகு தானே நிமிர்கின்றது. கூட்டத்தில் அமர்ந்திருக்கும் தாய் தந்தையரின் கண்கள் நம்மை வேறொருவராகக் காண்கின்றன. சூப்பர்மேன் உடையணிந்தவனுக்கும் நமக்கும் அந்நாழிகையில் யாதொரு வேற்றுமையும் இல்லை. வேற்றுமை மறுநாள் விடியலில் தோன்றும். அங்கியைத் திருப்பிக் கொடுத்த நாம், அதனோடு அந்நிமிர்வையும் கொடுத்துவிட்டோமா, அன்றி வைத்துக்கொண்டோமா என்பதை நம் ஊரார் அன்று முதற் காண்பர்.