பழைய கத்தியும் புதிய கத்தியும்

சிவனொளிபாத மலைக்கு ஏறும் பருவத்தில் எங்கள் ஹட்டன் நகருக்கு வந்து போகும் உறவினர் பலர். இம்முறை சுவிற்சர்லாந்திலிருந்து என் பெரியப்பாவின் பேரன் வந்திருந்தான். அந்நாட்டிலேயே பிறந்து, அந்நாட்டுப் பிரசையாகி, படைப்பயிற்சியும் முடித்தவன். பயிற்சியில் தான் கையாண்டதைப் போன்ற மடக்குக் கத்தி ஒன்றை என் மகனுக்குப் பரிசாகக் கொண்டு வந்திருந்தான். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அதனினும் பெரிய செல்வம் ஏது? அவன் முகம் மலர்ந்தது. என் மனைவியின் முகம் சுருங்கியது.

"சித்தப்பா, தாத்தாவின் கத்தி இன்னும் இருக்கிறதா?" என்று வந்தவன் கேட்டான். நான் பெட்டியைத் திறந்து அதனை எடுத்து வந்தேன். 1994ஆம் ஆண்டில் இவனுடைய தந்தை பேர்ன் நகரத்துப் பழம்பொருட் சந்தையில் வாங்கி என் தந்தையாருக்கு அனுப்பியது அது. அலகின் அடியில் 71 என்ற ஆண்டெண் பொறித்திருக்கிறது. இரு கத்திகளும் மேசைமேல் அருகருகே கிடந்தன. அவற்றை ஒப்பு நோக்கியதன் பயனே இக்கட்டுரை.

கத்தியை மடக்கிப் பிடிக்குள் அடக்கும் உத்தி நமக்குப் புதியதன்று. ஓலையில் எழுதிய நம் முன்னோரிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு முனையில் எழுத்தாணி, மறு முனையில் ஓலை வாரும் கத்தி. வேலை முடிந்ததும் இரண்டும் பிடிக்குள் ஒடுங்கிவிடும். ஒரு பிடியில் இரு தொழில் என்னும் சிக்கனத்தை அவர்களும் அறிந்திருந்தனர்.

சுவிற்சர்லாந்துப் படைவீரர் கத்தி பிறந்த வரலாறு சுவையானது. 1889ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படைக்குப் புதிய துப்பாக்கி வந்தது. அதனைக் கழற்றிப் பூட்டத் திருப்புளி வேண்டியிருந்தது. உணவுப் பேணியைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டியிருந்தது. ஆகவே அலகு, திருப்புளி, பேணி திறப்பான், தமரூசி ஆகிய நான்கினையும் மரப்பிடி ஒன்றில் அமைத்தனர். 1891இல் முதற் கத்திகள் செருமனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தன. நம் நாட்டுப் படைக்குப் பிற நாட்டுக் கத்தியா என்று எண்ணிய கார்ல் எல்ஸ்னர் என்பவர், ஈபாக் ஊரிலிருந்த தம் பட்டறையிலேயே அதனைச் செய்யத் தொடங்கினார். 1909இல் அவர் அன்னை விக்டோரியா மறைந்தபோது அவ்வம்மையார் பெயரையே தம் தொழிலுக்கு இட்டார். துருவேறா உருக்கைக் குறிக்கும் 'இனொக்ஸ்' என்ற சொல் 1921இல் அதனோடு சேர, விக்டோரினொக்ஸ் ஆயிற்று.

இனி, மேசைமேற் கிடந்தவற்றைப் பார்ப்போம். தந்தையாருடையது 1961ஆம் ஆண்டு அமைப்பு. அலுமினியப் பிடி, நீளம் 93 மில்லிமீற்றர், நிறை ஏறத்தாழ 72 கிராம். சட்டைப்பையில் இட்டால் இருப்பதே தெரியாது. அலகைத் திறக்க இரு கைகளும் வேண்டும். நகத்தால் நெம்பி இழுக்கவேண்டும். திறந்தபின் அதனை நிறுத்தி வைப்பது பிடியிலுள்ள வில்லின் அழுத்தம் மட்டுமே. அலகின் முதுகுப்புறத்தை அழுத்தினால் மடங்கிவிடும்.

புதியது 2008ஆம் ஆண்டு அமைப்பைச் சேர்ந்தது. நீளம் 111 மில்லிமீற்றர். நிறை ஏறத்தாழ 131 கிராம். அலகில் பெரிய துளை ஒன்றுண்டு. பெருவிரலை அதில் வைத்துத் தள்ளினால் ஒரு கையாலேயே திறக்கலாம். மற்றொரு கையால் கயிற்றையோ கிளையையோ பற்றிக்கொண்டிருப்பவனுக்கு இது பேருதவி அன்றோ? திறந்த அலகு பூட்டிக்கொள்ளும். பூட்டை விடுவித்தாலன்றி மடங்காது. மரமறுக்கும் வாளும், சிலுவை வடிவ முனையுள்ள திருப்புளியும் உண்டு. அலகு விளிம்பின் ஒரு பகுதி அலையலையாய்ப் பல் கொண்டது. கயிற்றை அறுத்துப் பார்த்தோம். புதியது நொடியில் அறுத்தது, பழையது சற்றுத் திணறியது. பென்சில் சீவினோம், பழையதே வென்றது. தோடம்பழம் உரிப்பதிலும் அஃதே.

அப்பொழுதுதான் என் தந்தையாரின் நினைவு வந்தது. அவர் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாழ வெட்டுவதே கவ்வாத்து. வெட்டு வழவழப்பாகவும் நீர் தங்காமற் சாய்வாகவும் விழவேண்டும். மழுங்கிய கத்தியால் வெட்டினால் மரம் பிளந்து, அப்பிளவில் அழுகல் ஏறும். ஆதலால் மலைக்கு ஏறுமுன் லயத்து வாசலில் அமர்ந்து கவ்வாத்துக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டுவார். இந்தச் சிறிய கத்தி வந்தபின், அதற்கும் அதே மரியாதை கிடைத்தது. என் பென்சில்கள் யாவும் இக்கத்தியால் அவர் சீவித் தந்தவையே. தாம் எழுதிப் பழகாத கை, மகன் எழுதுவதற்காக முனை சீவிற்று.

"கூர்மையான கத்திக்கு அஞ்சாதே, மழுங்கிய கத்திக்கு அஞ்சு" என்பார். மழுங்கிய கத்தியை அழுத்தி வெட்டவேண்டியிருக்கிறது, அழுத்தினால் வழுக்குகிறது, வழுக்கினால் கையைப் பதம் பார்க்கிறது. தொழிலாளி கண்ட உண்மை இது.

என் மனைவியின் அச்சத்தை நான் புறக்கணிக்கவில்லை. "கத்தி விளையாட்டுப் பொருளா?" என்ற அவள் கேள்வி நியாயமானதே. ஆயினும் கத்தியைக் காணாமல் வளரும் பிள்ளை, கத்தியைப் பிடிக்கத் தெரியாதவனாகவே பெரியவனாவான். ஆகவே இருவரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தோம். பூட்டுள்ள புதிய கத்தியை மகன் இப்போதே பழகட்டும். ஆனால் வீட்டில், எங்கள் கண்முன், அமர்ந்த நிலையில் மட்டும். பாடசாலைக்கு ஒருபோதும் கொண்டுசெல்லலாகாது. அலகைத் தன் பக்கமாக இழுக்கலாகாது. பிறர் கையில் கொடுக்கும்போது மடக்கியே கொடுக்கவேண்டும்.

பழைய கத்தி? பூட்டு இல்லாத அக்கத்தி, தன்னைப் பிடிப்பவனின் கவனத்தையே பூட்டாகக் கேட்கிறது. என் மகன் சாணைக்கல்லில் ஒரு கத்தியைத் தானே தீட்டி, அதனால் ஒரு பென்சிலை ஒழுங்காகச் சீவிக் காட்டும் நாளில் அது அவனுக்குச் சேரும்.

இம்முடிவைக் கேட்ட விருந்தாளிப் பிள்ளை சிரித்தான். "எனக்கும் தீட்டத் தெரியாது, சித்தப்பா" என்றான். மறுநாட் காலையில் வாசற்படியில் இரு பிள்ளைகளும் சாணைக்கல்லில் நீர் தெளித்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். அவர்கள் நடுவே நானும் அமர்ந்தேன்.