ஜப்பான்காரன் காலத்துக் கதைகளில் நம் பெண்கள் எங்கே?

தீபாவளி மலர் வந்தாலும் சரி, பொங்கல் சிறுகதைப் போட்டி நடந்தாலும் சரி, ஜப்பான்காரன் காலத்துக் கதை ஒன்றாவது இருக்கும். இருக்க வேண்டியதுதான். மலாயாவில் நம் சமுதாயம் பட்ட பாடுகளிலேயே பெரும்பாடு அது. எழுதுகிறவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்தக் கதைகளில் வருகிற பெண்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

நாம் படித்த கதைகளில் பெரும்பாலும் மூன்றே பெண்கள்தான் மாறி மாறி வருகிறார்கள். ஒருத்தி, புருஷனைச் சயாமுக்கு லாரியில் ஏற்றும்போது தலைவிரி கோலமாக அழுகிறாள். அதோடு கதையை விட்டே போய்விடுகிறாள். இன்னொருத்தி, ஜப்பான் சிப்பாயிடமிருந்து மானத்தைக் காக்கக் கிணற்றில் விழுகிறாள். மூன்றாமவள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, இம்பால் போர்க்களத்தில் எதிரியைச் சுட்டு வீழ்த்துகிறாள். அழுதவளும் செத்தவளும் சுட்டவளும் போக, மிச்சப் பெண்களெல்லாம் அந்த மூன்றரை ஆண்டும் எங்கே இருந்தார்கள்? என்ன செய்தார்கள்?

"தொழிற்சங்கக்காரனுக்குக் கதையைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். நாம் தோட்டப் பள்ளியில் படித்தவர்கள். இலக்கியம் கற்பிக்கும் தகுதி நமக்கு உண்டென்று சொல்லவில்லை. ஆனால் உழைப்பைக் கணக்கெடுப்பது நம் வேலை. போருக்கு முந்திய தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு என்பதுதான் கணக்கு. ஒரே பிரட்டில் நின்று, ஒரே வெயிலில் காய்ந்தவளுக்கு ஏன் அந்தப் பத்துக் காசு குறைந்தது? அவள் உழைப்பை முழு உழைப்பாக யாரும் எண்ணவில்லை. செக்ரோலில் குறைத்ததைக் கதையிலும் குறைத்தால் நாமும் அதே அநியாயத்தைத்தானே செய்கிறோம்?

லயத்தைக் காப்பாற்றியது யார்?

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. துரைமார்கள் தோட்டங்களை விட்டு ஓடினார்கள். கித்தா ஏற்றுமதி நின்றது, பால்வெட்டும் குறைந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அற்றுப்போனது. சம்பளம் என்று வந்தது ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டு. நாளாக நாளாக அந்த நோட்டைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தாலும் ஒரு படி அரிசி கிடைக்காத நிலை.

அப்போது அடுப்பு எரிந்தது எப்படி? மரவள்ளிக்கிழங்கு என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டு நம் கதாசிரியர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை வேலை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிலத்தைக் கொத்தி, குச்சி நட்டு, பன்றி தோண்டாமல் காத்து, கிழங்கு முற்றும்வரை குழந்தைகளின் வயிற்றைச் சமாளிக்க வேண்டும். கசப்பு மரவள்ளியைப் பக்குவம் தெரியாமல் சமைத்தால் நஞ்சு. தோலை உரித்து, துருவி, ஊறவைத்து, பிழிந்து, காயவைத்து மாவாக்குவது ஒரு கைத்தொழில். அந்தத் தொழிலைப் பிரட்டில் நின்று எந்தக் கிராணி சொல்லிக்கொடுத்தான்? பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி கற்றுக்கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள்.

துணியில்லாமல் கோணிச் சாக்கை வெட்டித் தைத்து உடுத்திய காலம் அது. உப்பில்லை, சவுக்காரமில்லை. மலேரியாவுக்குக் கொடுக்கக் கொயினா இல்லை. பிள்ளைப்பேறு மட்டும் ஜப்பான்காரனுக்குப் பயந்து நின்றுவிடவில்லை. மருந்து தீர்ந்த தோட்டத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சியை எந்தக் கதையில் நாயகியாகப் பார்த்திருக்கிறோம்?

தாலி கட்டியிருந்தவளின் கேள்வி

சயாம்–பர்மா மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம். 1943 அக்டோபரில் போட்டு முடித்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டினார்கள். இலவசப் படம் என்று கூட்டி, கொட்டகைக் கதவைச் சாத்திப் பிடித்துப்போனதும் உண்டு. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் ஆயிரம் ஆயிரமாக மடிந்தார்கள். கஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

இந்தக் கொடுமையை நாவலாக்கிய ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி போன்ற எழுத்தாளப் பெருமக்களுக்கு நம் சமுதாயம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அடுத்து எழுத வருகிறவர்கள் லாரி போன பிறகும் லயத்திலேயே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆள் பிடிக்க வருகிறார்கள் என்றதும் காட்டில் ஒளிந்தவர்களுக்குச் சோறு கொண்டுபோனது யார்? இத்தனை தலை வேண்டும் என்று கேட்டபோது, மூத்த மகனைக் காட்டுவதா புருஷனைக் காட்டுவதா என்று ஒரே இரவில் முடிவெடுக்க வேண்டிய வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? புருஷனோடு சேர்ந்து சயாமுக்கே போன பெண்களும் பிள்ளைகளும் உண்டு. அந்தக் கூடாரங்களில் அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி இருக்கிறது. செத்தவனுக்குச் சாவுச் சீட்டு இல்லை, கடிதாசி இல்லை, பிணமும் இல்லை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகு கொஞ்சம் பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். திரும்பாதவனின் பெண்டாட்டி சுமங்கலியா, கைம்பெண்ணா? தாலியை அறுப்பதா, வைத்திருப்பதா? பார்த்துப் பார்த்து ஓய்ந்து, பிள்ளைகளுக்காக வேறு துணை தேடிக்கொண்டவள் உண்டு என்றும், அதன் பிறகு பழைய புருஷன் வாசலில் வந்து நின்ற வீடு உண்டு என்றும் தோட்டங்களில் இன்றும் பேச்சு இருக்கிறது. லாரிக்குப் பின்னால் அழுதுகொண்டு ஓடுவதை எழுதுவது சுலபம். அவளுடைய அடுத்த பத்து வருஷத்தை எழுதுவதற்குத்தான் எழுத்தாளனுக்குத் தைரியம் வேண்டும்.

ஜான்சி ராணிப் படையை உள்ளபடி எழுதுவோம்

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். பெண்களுக்கென்று ஒரு படை அமைப்போம் என்று அறைகூவினார். அக்டோபர் மாதம் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது. தலைமை டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். கோலாலம்பூரிலிருந்து போன ஜானகி தேவர் பிறகு ஜானகி ஆதி நாகப்பனாகி, 1946-இல் ம.இ.கா. தோன்றியபோது அதில் பங்கு பெற்றார். இவர்களை நாம் பெயர் சொல்லிப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களில் பெரும்பங்கு தோட்டத்துப் பெண்கள். அவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறதா?

பால்வாளி தூக்கிய கை எப்படித் துப்பாக்கி பிடித்தது என்று வீரவசனம் எழுதுவார்கள். உள்ளபடி எழுதினால் அதைவிடச் சுவையாக இருக்கும். கங்காணியின் அதட்டலைக் கேட்டே வளர்ந்த பெண் முதல் முறையாக மரியாதையோடு பெயர் சொல்லி அழைக்கப்படுகிறாள். கட்டளைகள் இந்துஸ்தானியில், அவளுக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. ஒரு சொல் ஒரு சொல்லாகப் படிக்கிறாள். நாட்டுப்பற்று இருந்தது. தோட்டத்துப் பசியிலிருந்தும் அடிமை வாழ்விலிருந்தும் ஒரு விடுதலையும் அதில் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன என்று எழுதினால் அவளுக்கு எந்தக் குறைவும் வந்துவிடாது.

இன்னொன்று. அந்தப் பெண்கள் பர்மாவில் மேமியோ வரை போனார்கள். இம்பால் முனையில் அவர்களைச் சண்டைக்கு இறக்கவில்லை. ஆஸ்பத்திரியில், வெட்டுப்பட்டும் சீதபேதியிலும் கிடந்த சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, விமானக் குண்டுகளுக்குத் தப்பி இரவிரவாக நடந்தார்கள். இம்பாலில் சுட்டாள் என்று எழுதினால், உண்மையில் அவள் செய்ததெல்லாம் போதாது என்று நாமே தீர்ப்புச் சொன்னதாக ஆகிவிடும். சீழ் துடைத்த கை சுட்ட கையைவிடத் தாழ்ந்ததா?

"கதைதானே ஐயா, கற்பனைக்கு இடம் இல்லையா?" என்பார்கள். தாராளமாக உண்டு. அவள் மனதில் ஓடியதைக் கற்பனை செய்யுங்கள். அவள் பேசியதைக் கற்பனை செய்யுங்கள். நடக்காத சண்டையை நடந்ததாகச் சொல்லாதீர்கள். நம் பிள்ளைகள் பலருக்கு இந்தச் சரித்திரம் கதை வழியாகத்தான் போய்ச் சேருகிறது. அவர்கள் அதையே சரித்திரம் என்று நம்பிவிடுவார்கள்.

போர் வருவதற்கு முன்பே நடந்த போர்

நம் பெண்களின் போர்க்காலக் கதையை ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து தொடங்குவதும் சரியல்ல. 1941 ஏப்ரல், மே மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் நடந்தது. ஐரோப்பாவில் போர், கித்தாவுக்குக் கிராக்கி, கூலி மட்டும் கிராக்கிக்கு ஏற்றபடி ஏறவில்லை. தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றிருந்தது. தோட்டத்துப் பெண்களிடம் துரைமாரும் மேலாட்களும் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்பதும் இருந்தது. தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். படை வந்து சுட்டது, உயிர்கள் போயின.

பெண்ணின் மானத்துக்கு ஆபத்து ஜப்பான் சிப்பாயோடுதான் வந்தது என்று எழுதுகிறவர்கள் இந்தக் கோரிக்கையை ஒரு முறை படித்துப் பார்க்கட்டும். வெள்ளைக்காரன் காலத்தில் மூடி மறைத்ததை ஜப்பான்காரன் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

சொன்னால்தானே தெரியும்

பேராக் மாநிலம் பாப்பானில் சிபில் கார்த்திகேசு என்ற அம்மையார் இருந்தார். தாதியும் மருத்துவச்சியுமான அவர் ஈப்போ தமிழ் டாக்டர் ஒருவரின் மனைவி. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடியவர்களுக்கு இரகசியமாக மருத்துவம் செய்தார். 1943-இல் ஜப்பானிய இராணுவப் போலீசிடம் அகப்பட்டுச் சொல்லவொண்ணாச் சித்திரவதை அனுபவித்தார். 1948-இல் மறைந்தார். அவர் தம் கதையைச் சொல்லி வைத்திருந்தார். அது 1954-இல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. சொல்லி வைத்ததனால் இன்று உலகத்துக்குத் தெரிகிறது.

நம் தோட்டத்துப் பாட்டிகளிடம் யார் கேட்டார்கள்? நாம் சங்க வேலையாக வீடு வீடாகப் போகும்போது அந்தக் காலத்துப் பேச்சை எடுத்தால், "அதெல்லாம் எதுக்கு தம்பி இப்ப, மறந்துபோச்சு" என்றுதான் முதலில் சொல்வார்கள். உட்கார்ந்து ஒரு கோப்பித் தண்ணீர் குடித்தால் பிறகு வரும். சில பேச்சு பாதியில் நின்றுவிடும். அங்கே தோண்டிக் கேட்கக் கூடாது. பெண்களுக்கு நேர்ந்த கொடுமையை ருசியாக வருணிக்கும் கதைகளும் நமக்கு வேண்டாம். அவள் அதன் பிறகும் காலையில் எழுந்து அடுப்பு மூட்டினாளே, அதை எழுதுங்கள்.

நாள் அதிகமில்லை. 1942-இல் பத்து வயதாக இருந்த சிறுமி இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் போனதோடு, லயத்தில் பேசிய பேச்சும் போய்க்கொண்டிருக்கிறது. பாட்டி இல்லாவிட்டாலும், அவர் மடியில் கிடந்து கேட்ட மகள் எழுபது வயதில் இருப்பார். அவரிடம் கேளுங்கள்.

படித்த பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். என்ன சமைத்தீர்கள், என்ன உடுத்தினீர்கள், காய்ச்சலுக்கு என்ன கொடுத்தீர்கள், பிரசவம் யார் பார்த்தது, யார் யாரைச் சயாமுக்குப் பிடித்துப்போனார்கள், திரும்பி வராத வீட்டில் பிள்ளைகளை யார் வளர்த்தது என்று கேட்டு, அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள். தோட்டத்தின் பெயரையும் வருஷத்தையும் மறக்காமல் குறியுங்கள். கிளைக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி ஒருவர் எழுந்து படிக்கட்டும். இந்தப் பகுதிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கதை எழுதுகிறவர்களின் கையில் அதைச் சேர்ப்பது நம் பொறுப்பு.