எட்டாவது வரி

"தோற்றா டபுள் போடணும். மறுபடி தோற்றா அதுக்கும் டபுள். ஒரே ஒரு தடவை ஜெயிச்சா விட்டது மொத்தமும் வந்துடும், மேல நூறு ரூபாயும் நிக்கும்ணே." எங்கள் தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த தம்பி ஒருவர் இதை எனக்கு விளக்கினார். பொய் சொல்கிற முகமில்லை அது. கோடு போட்ட நோட்டில் நீல மையில் ஏழு வரி: 100, 200, 400, 800, 1600, 3200, 6400. அடியில் கூட்டுத்தொகை 12,700. "இவ்வளவு கையில இருந்தா ஏழு லெவல் தாங்கும். தொடர்ச்சியா ஏழு தடவை யாருண்ணே தோக்குறாங்க?" அவர் ஆடியது போனில் சிவப்பு, பச்சை என்று நிறம் சொல்லும் ஆட்டம். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இது சூது இல்லை, கணக்கு என்று நம்பினார்.

அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

தொடர்ந்து ஏழு தடவை யார் தோற்கிறார்கள் என்பதிலிருந்தே தொடங்கலாம். அந்த ஆட்டத்துக்குள் நிறத்தை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. அதனால் அவருக்குச் சாதகமாக, நேர்மையாகச் சுழலும் ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தையே எடுத்துக்கொண்டேன். அதில் 37 அறைகள்: 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பூஜ்யம். சிவப்பில் பணம் வைத்தால் 37இல் 19 அறைகள் நமக்கு எதிர். ஏழு முறையும் தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு ஏறக்குறைய 106இல் ஒன்று. கேட்பதற்கு அபூர்வம்தான். ஆனால் அவர் ஒரு நாளைக்கு இருபது முறையாவது நூறு ரூபாயிலிருந்து புதிதாகத் தொடங்குவார். வாரத்துக்கு 140 முறை. அதற்குள் ஒரு தடவையாவது ஏழு லெவலும் போய்விடும் வாய்ப்பு நூற்றுக்கு 73. யார் தோற்கிறார்கள் என்றால், ஒரு வாரம் விடாமல் ஆடுகிறவர் தோற்கிறார்.

அடுத்தது, "விட்டது வந்துவிடும்" என்ற பேச்சு. ஜெயித்தால் வரும், உண்மை. ஏழாவது லெவலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே 6300 போயிருக்கிறது. மேலும் 6400ஐ எடுத்து வைக்கிறோம். ஜெயித்தால் கடைசியில் கையில் மிஞ்சும் லாபம் நூறு ரூபாய். 106 முறை தொடங்கினால் சராசரியாக 105 முறை நூறு நூறாக 10,500 வரும். ஒரு முறை 12,700 போகும். 2,200 ரூபாய் பள்ளம். இந்த இரட்டிப்பு முறை நஷ்டத்தைக் குறைப்பதில்லை. பல நாள் நஷ்டத்தைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் வசூலிக்கிறது. அதுவரை தினமும் கைக்கு வரும் சிறு லாபம்தான் ஆளை நம்ப வைக்கிறது.

12,700ஐ இரட்டிப்பாக்க வேண்டும் என்றால், ஒரு தடவைகூட முறியாமல் 127 முறை ஜெயித்தாக வேண்டும். அதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 30தான். அதே பணத்தை ஒரே வீச்சில் சிவப்பில் வைத்திருந்தால்கூட 48க்கு மேல் இருந்திருக்கும். அப்படி வைக்கச் சொல்லவில்லை. பாதுகாப்பு என்று நினைத்துக் கட்டிய லெவல்கள் வாய்ப்பை இன்னும் குறைத்துவிட்டன என்பதைச் சொல்கிறேன். பணம் எத்தனை முறை மேசையில் புரளுகிறதோ, அத்தனை முறையும் அந்தப் பூஜ்யம் சராசரியாக நூற்றுக்கு 2.70 ரூபாயைச் செதுக்கிக்கொண்டே போகிறது.

முதல் அதிகமாக இருந்தால் சமாளிக்கலாம் என்பார்கள். பத்து லெவலுக்கு 1,02,300 ரூபாய் வேண்டும். முறியும் வாய்ப்பு 784இல் ஒன்றாகக் குறையும். 783 முறை ஜெயித்து 78,300 சம்பாதித்தவர் ஒரே முறையில் 1,02,300ஐ விடுவார். பள்ளம் இன்னும் பெரிதாகிறது. சூதாட்ட விடுதிகளில் ஒவ்வொரு மேசைக்கும் உச்சவரம்பு வேறு உண்டு. வரம்பு 10,000 என்றால், பையில் கோடி இருந்தாலும் எட்டாவது லெவலின் 12,800ஐ வைக்க முடியாது.

"இத்தனை தடவை கறுப்பு வந்தாச்சு, இனி சிவப்பு வந்தே தீரும்" என்பது இன்னொரு நம்பிக்கை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ விடுதியில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் இனி சிவப்புதான் என்று தொகையை ஏற்றிக்கொண்டே போனவர்கள் லட்சக்கணக்கான ஃபிராங்குகளை இழந்தார்கள். பந்துக்கு ஞாபகம் கிடையாது. இரட்டிப்புக்குப் பதிலாக, தோற்றால் ஒரு பங்கு மட்டும் ஏற்றும் தலாம்பேர் முறையும், 1, 1, 2, 3, 5 என்று போகும் ஃபிபனாச்சி முறையும் மெதுவாக ஏறுகின்றன. செதுக்கும் பூஜ்யம் அங்கேயும் அதேதான்.

"ரெண்டு மாசமா ஜெயிச்சிட்டு இருக்கேன்" என்பதும் சான்றாகாது. பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸில் காசநோவாவும் இதே இரட்டிப்பு முறையில் நாள்கணக்கில் ஜெயித்தார். பிறகு எல்லாவற்றையும் இழந்ததை அவரே தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

எனக்கு அதிகம் வலிப்பது "கட்டுப்பாட்டோடு ஆடினால் ஆபத்தில்லை" என்று சொல்வதுதான். விட்டதைப் பிடிக்க மறுபடி வருவதும், தொகையை ஏற்றிக்கொண்டே போவதும் சூதாட்ட நோயின் அறிகுறிகள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. நோயின் அறிகுறியையே ஒழுக்கம் என்று பெயர் மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பழகியவர் தான் நழுவுவதை எப்படி உணர்வார்?

அந்த நோட்டை இரண்டாம் முறை பார்த்தபோது எட்டாவது வரி வந்திருந்தது. சிவப்பு மையில் 12,800. பக்கத்தில் அடகுக்கடை ரசீது, மனைவியின் சங்கிலிக்கு. ஒன்பதாவது வரியில் 25,600 என்று எழுதிச் சுற்றிலும் கட்டம் போட்டிருந்தார். அந்தப் பணத்தைக் கேட்கத்தான் வந்திருந்தார். நான் கொடுக்கவில்லை. அதே நோட்டின் பின்பக்கத்தில் 106 முறைக்கான கணக்கை அவர் கையாலேயே போட வைத்தேன். 10,500ஐ எழுதினார், கீழே 12,700ஐ எழுதினார். கழிக்காமல் வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.